கைக்கேற்ற அம்பு

வில்வித்தை என்றதும் பலருடைய கண் வில்லின்மீதே செல்லும். அவ்வித்தையில் தேர்ந்தவர்களோ அம்பையே முதலில் ஆராய்வர். மர வில்லும் மர அம்பும் கொண்டு பழகும் சங்கங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றும் உள்ளன. அத்தகைய சங்கமொன்றிற் குறுகிய கைகளையுடைய பெண்ணொருத்தி சேர்வதாகக் கொள்வோம். வலக்கையால் நாணை இழுக்கும் அவளுக்கு, எல்லோருக்கும் வழங்கும் அம்புகளே வழங்கப்படுகின்றன. குறி சரியாக இருந்தும் அம்புகள் இடப்புறமே சென்று வீழ்கின்றன. கை கோணுகிறது என்கின்றனர் அருகில் நிற்போர். அவளும் வலப்புறம் தள்ளிக் குறிபார்க்கப் பழகுகிறாள். நல்ல கை இவ்வாறு கெட்டுவிடுகிறது. குற்றம் கையில் அன்று, அம்பில்.

காரணம் யாது? அம்பு வில்லின் நடுவே அன்றிப் பக்கத்தே கிடக்கிறது. நாண் தள்ளும்போது அது வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு, நெளிந்தவாறே செல்கிறது. அமெரிக்க இயற்பியலறிஞர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களில் அதிவேகப் படப்பிடிப்பால் இதனைத் தெளிவாகக் காட்டினார். அம்பு அளவுக்குமேல் விறைப்பாயின், வலக்கையாளர் எய்வது இடப்புறம் விலகும். மிகவும் துவண்டதாயின் வலப்புறம் விலகும்.

மரத்தண்டின் விறைப்பை அளக்கும் முறை எளிது. 26 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளில் தண்டைக் கிடத்தி, நடுவில் 2 இறாத்தல் எடையைத் தொங்கவிடுவர். 26 என்னும் எண்ணைத் தண்டு தொய்ந்த அங்குல அளவால் வகுத்தால் விறைப்பு கிடைக்கும். தொய்வு அரை அங்குலமாயின் விறைப்பு 52 இறாத்தல். 28 அங்குல அம்பாக அமைத்தால், ஏறக்குறைய அத்தனை இறாத்தல் வலுவுள்ள வில்லுக்கு அது பொருந்தும்.

வில்லின் வலுவும் வழக்கமாக 28 அங்குல இழுப்பைக் கொண்டே குறிக்கப்படுகிறது. நமது பெண் இழுப்பதோ 25 அங்குலம். இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் வலு இரண்டு முதல் இரண்டரை இறாத்தல் வரை குறையும். ஆகவே, 40 இறாத்தல் வில் அவள் கையில் ஏறக்குறைய 33 இறாத்தல் வில்லே. அம்பை 26 அங்குலமாக வெட்டினால் தண்டு மேலும் விறைக்கிறது. அங்குலத்திற்கு ஏறத்தாழ 5 இறாத்தல் என்பது கைக்கணக்கு. எனவே அவளுக்கு வேண்டியது 23 இறாத்தலை ஒட்டிய தண்டு. 40 இறாத்தல் அம்பு அவளுக்கு எங்ஙனம் பொருந்தும்?

அத்துணை மெல்லிய தண்டு எளிதிற் கிடைப்பதன்று. ஆயினும் வழியுண்டு. 30 முதல் 35 இறாத்தல் வரையுள்ள தண்டைத் தேர்ந்து, வெட்டாமல் 28 அங்குலமாகவே விடலாம். சற்றுக் கனமான முனையைப் பொருத்தினாலும் அம்பு கூடுதலாக வளையும். எவ்வாறாயினும், முழுவதும் இழுத்தபோது அம்பு வில்லுக்கு முன்னே ஓர் அங்குலமேனும் நீண்டிருத்தல் வேண்டும். இன்றேல் முனை உள்ளே நழுவிக் கையைத் துளைத்தல் கூடும். கணக்கு தொடக்கம் மட்டுமே. இறுதித் தீர்ப்பு எய்து பார்ப்பதிலேயே உள்ளது.

சராசரி உடலுக்கென வகுத்த அளவு பயனுடையதே. அவ்வளவிற்கு அடங்காத கையைக் குறைகூறுவது முறையன்று. கற்பவரைத் திருத்துமுன் அவர் கையிற் கொடுத்த கருவியைத் திருத்துவதே கற்பிப்போர் கடன்.