மான் காத்த வாக்கு

 

டொக்டர் நோயைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் பற்றிப் பேச வந்தேன். 5,027 பாடல்கள் கொண்ட அந்தக் காவியத்தில், நுபுவ்வத்துக் காண்டத்து ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ ஒன்றே இன்று போதும்.

கரைத்தீவில் உம்மம்மா சொல்லக் கேட்டு உறங்கிய கதைதான். வேடனிடம் அகப்பட்ட மான், குட்டிக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நிற்கிறார்கள். மான் குட்டியோடு திரும்பி வருகிறது.

வடிவம் விருத்தம். அளவொத்த நான்கு அடிகள். முதலடியில் இரண்டாவதாக நின்ற எழுத்து, மற்ற மூன்று அடிகளிலும் அதே இடத்தில் திரும்ப வரும். இந்த எதுகையைப் புள்ளிக்காகவே அன்று மனனம் செய்தேன். இன்று, முதலடி கொடுத்த வாக்கை மற்ற அடிகள் காப்பதாகத் தோன்றுகிறது. மானும் அப்படித்தான் வாக்கைக் காத்தது.

சுவை அவலம்; ஆனால் ஓலமில்லை. இராகத்தை எவ்வளவு நீட்டிப் பாடினாலும் சீர் அளவு மீறாது. அடங்கி நிற்கும் துயரமே நம்மை உருக்குகிறது.

ஒருநாள் வார்ட்டில் ஒரு தாய், “வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்துடுறேன், டொக்டர்” என்றாள். முடியாது என்று சொல்லி நடந்தேன். வாசலை அடையுமுன் இந்தப் படலம் நினைவில் வந்தது. திரும்பிப் போய், பிள்ளையை வார்ட்டுக்கே எடுத்துவரச் சொன்னேன்.

தங்கைமாரே, எதுகையைப் புள்ளிக்காகப் படியுங்கள். வாய்விட்டுப் பாடியும் பாருங்கள்.