விளக்கு யாருக்காக எரிகிறது?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விமானத் துறையில் இருக்கிறாய், அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசு" என்று செயலாளர் அண்ணாச்சி சொன்னார். நான் விமானம் ஓட்டுகிறவன் இல்லை. விமானத்தின் மின்சாரப் பகுதியைப் பராமரிக்கும் பொறியாளன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். விமானம் மேலே கிளம்புவதற்கு முன் அதன் வெளி விளக்குகளை எப்போது போட வேண்டும்? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இதில் உயிர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

சொந்த ஊர் எனக்குத் தருவைகுளம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. விமானத்துக்கும் அதேதான். இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது இறக்கை நுனியில் பச்சை, பின்பக்கம் வெள்ளை. கடலில் இருந்த வழக்கத்தை ஆகாயத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இருட்டில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால், அது நம்மைப் பார்த்து வருகிறது என்று அர்த்தம். சிவப்பு மட்டும் தெரிந்தால், தன் இடப்பக்கத்தை நமக்குக் காட்டிக்கொண்டு குறுக்கே போகிறது என்று அர்த்தம்.

இதற்கு மேல் விமானத்தில் இன்னும் சில விளக்குகள் உண்டு. வாகைக்குளத்தில் ஒரு விமானம் சென்னைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை இயக்குவதற்கு முன்பே உடம்பின் மேலும் கீழும் உள்ள சிவப்பு பீக்கன் மினுக்க ஆரம்பிக்கும். இது தரையில் வேலை செய்கிற ஆட்களுக்கு. "இன்ஜின் ஓடப் போகிறது, கிட்டே வராதே" என்கிறது. நகர ஆரம்பிக்கும்போது டாக்ஸி லைட். எதிரே இன்னொரு விமானம் நின்றால், அந்த விமானியின் கண் கூசாதபடி இதை அணைத்துவிடுவார்கள். ஓடுபாதைக்குள் நுழையும்போது இறக்கை நுனியில் வெள்ளையாக வெட்டி வெட்டி எரியும் ஸ்ட்ரோப். ஓடுபாதையைக் குறுக்கே கடப்பதாக இருந்தாலும் அதைப் போட வேண்டும். கடைசியாக, "கிளம்பலாம்" என்று கோபுரத்திலிருந்து அனுமதி கிடைத்ததும் லேண்டிங் லைட். கம்பெனிக்குக் கம்பெனி சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். ஆனால் பொதுவான வரிசை இதுதான்.

"எதற்கு சார் இத்தனை சுவிட்ச்? எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுவிட்டால் என்ன?" என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் காரணம், கண் கூச்சம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் லேண்டிங் லைட் ஒரு தடவை அடித்தால், கண் பழைய நிலைக்கு வர வெகு நேரம் ஆகும். பிறர் கண்ணைக் கூசவைக்கும் என்றால் மினுக்கும் விளக்கை அணைக்கவோ மட்டுப்படுத்தவோ சர்வதேச விதியே இடம் கொடுக்கிறது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். எப்போதும் எல்லாமே எரிந்துகொண்டிருந்தால் எந்த விளக்குக்கும் அர்த்தம் இருக்காது. லேண்டிங் லைட் எரிந்தால் "இதோ ஓடத் தொடங்குகிறேன்" என்று மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், அதற்கு முன்பு அது அணைந்திருக்க வேண்டும் அல்லவா?

இதற்கு விலை கொடுத்த கதைக்கு வருகிறேன். 1991 பிப்ரவரி 1ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையம். பொழுது இருட்டிவிட்டது. 12 பேருடன் ஒரு சிறு விமானம் ஓடுபாதையில் ஏறி, கிளம்பும் அனுமதிக்காகக் காத்து நிற்கிறது. அது நிற்பது கட்டுப்பாட்டு அதிகாரியின் நினைவிலிருந்து நழுவிவிட்டது. அதே ஓடுபாதையில் இறங்க ஒரு போயிங் 737க்கு அனுமதி கொடுத்துவிட்டார். பின்னாலிருந்து வருகிறவர்களின் கண்ணுக்கு, சிறு விமானத்தின் வால் விளக்கு ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குகளோடு ஒன்றாகக் கலந்துவிட்டது. சக்கரம் தரையைத் தொட்டு மூக்கு தாழ்ந்த பிறகுதான் எதிரே ஒரு விமானம் நிற்பது தெரிந்தது. சிறு விமானத்தில் இருந்த 12 பேரும் இறந்தார்கள். இரண்டு விமானங்களிலும் சேர்த்து 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஓடுபாதையில் ஏறியதுமே தன்னைப் பளிச்சென்று காட்டிக்கொள்ள வேண்டும் என்று இன்று அழுத்திச் சொல்கிறார்கள் என்றால், இந்த மாதிரி விபத்துகள்தான் காரணம்.

அது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 ஜனவரி 2ஆம் தேதி, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். நிலநடுக்க நிவாரணப் பொருள்களோடு கிளம்பவிருந்த கடலோரக் காவல்படை விமானம், அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டு ஓடுபாதையில் ஏறி ஏறக்குறைய 40 விநாடி நின்றது. இறங்கி வந்த ஏர்பஸ் ஏ350 அதன் மேல் மோதியது. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். கோபுரம் இருக்கிறது, ரேடியோ இருக்கிறது, ரேடார் இருக்கிறது. அத்தனையும் கைவிடும்போது கடைசியாக மிஞ்சுவது, வருகிறவனின் கண்ணில் படுவது ஒன்றுதான்.

பொறியியல் மாணவர்களுக்காக ஒரு நுணுக்கம் சொல்கிறேன். ஏர்பஸ் ஏ320இல் ஸ்ட்ரோப் சுவிட்சுக்கு ஆஃப், ஆட்டோ, ஆன் என்று மூன்று நிலைகள். ஆட்டோவில் வைத்தால் சக்கரம் தரையை விட்ட பிறகுதான் எரியும். ஓடுபாதையில் நிற்கும்போது எரிய வேண்டுமென்றால் ஒரு மனிதக் கை அதை ஆனுக்குத் தள்ள வேண்டும். தானியங்கி என்றதும் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள். எந்த நேரத்துக்காக அதைச் செய்தார்கள் என்று கேளுங்கள்.

இனி நம் கடலுக்கு வருவோம். மீன்பிடிக்கும் படகு இரவில் என்ன விளக்குக் காட்ட வேண்டும் என்பதற்கும் 1972ஆம் ஆண்டு சர்வதேச விதி இருக்கிறது. இழுவலைப் படகு என்றால் மேலே பச்சை, கீழே வெள்ளை. நம் ஊர்ப் பருவலைப் படகுகள் மாதிரி மற்ற வலை போடுகிறவர்களுக்கு மேலே சிவப்பு, கீழே வெள்ளை. துறைமுகத்துக்கு வரும் கப்பலின் அதிகாரி அதைப் பார்த்தால், "இங்கே வலை கிடக்கிறது, விலகிப் போக வேண்டும்" என்று புரிந்துகொள்வார். வேலைக்காகப் போடும் பெரிய வெள்ளை ஃபோகஸ் வெளிச்சத்தில் இந்த இரண்டும் மூழ்கிவிட்டால், ஏதோ வெளிச்சம் இருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். லாஸ் ஏஞ்சல்ஸில் வால் விளக்குக்கு ஆனது இங்கேயும் ஆகும். நம் வேலைக்கு ஒரு விளக்கு, அடுத்தவன் கண்ணுக்கு ஒரு விளக்கு. இரண்டும் வேறு என்பது வலை இழுக்கும் அவசரத்தில் மறந்துபோகும்.

1992இல் திறந்த வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை அன்று 1,350 மீட்டர். இன்று 3,115 மீட்டர். 2025 ஜூலை 26ஆம் தேதி புதிய முனையமும் திறந்தாகிவிட்டது. இந்தக் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளில் சிலருக்கு நாளை அங்கேயே வேலை கிடைக்கலாம். இன்னும் சிலருடைய அப்பாவும் அண்ணனும் இன்று இரவே கடலுக்குப் போவார்கள். அங்கே வேலைக்குப் போகிறவர்கள், ஒவ்வொரு சுவிட்சும் யாருக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்து வேலை செய்யுங்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும், "அந்தச் சிவப்பு விளக்கு எரியுதா அப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவ்வளவு செய்தால் போதும்.