பகு எண்ணுன்னு தெரியும், காரணி தெரியாது!

இந்த எபிசோடை கூத்தாநல்லூர்ல எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசுறேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்குங்க.

நேத்து சிங்கப்பூர்லேர்ந்து மாமா பணம் அனுப்பினார். மெசேஜைப் பார்த்துட்டு அம்மா கேட்டாங்க: "ஏன் தம்பி, இதை நடுவுல யாரும் எடுத்துட மாட்டாங்களா?" அதுக்கான பதில் பகா எண்கள்ல இருக்கு.

இப்போதைக்குத் தெரிஞ்ச மிகப்பெரிய பகா எண், 2-ஐ 13,62,79,841 தடவை பெருக்கி 1 கழிச்சா வர்றது. 2024 அக்டோபர்ல லூக் டூரன்ட் கண்டுபிடிச்சார். மொத்தம் 4,10,24,320 இலக்கம். இலக்கத்துக்கு ஒரு நெல்லுன்னு வச்சா, ஆயிரம் நெல் 20 கிராம் கணக்குல, நாற்பது கிலோ சிப்பம் இருபது வரும்!

காலேஜ்ல நான் எழுதின புரோகிராம் 2, 3, 4-ன்னு வரிசையா வகுத்துப் பார்க்கும். இந்த எண்ணுக்கு அது என் ஆயுசுல முடியாது. அப்போ எப்படிச் சோதிச்சாங்க?

சின்ன எண்ல பார்ப்போம். 31, அதாவது 2-ன் அடுக்கு 5, கழித்தல் 1. 4-ல ஆரம்பிங்க. வர்க்கப்படுத்தி 2 கழிங்க, 31-ஆல வகுத்து மீதியை எடுங்க. 14 வரும். திரும்பச் செஞ்சா 194, மீதி 8. இன்னொரு தடவை, 62, மீதி 0. அடுக்கை விட ரெண்டு குறைவா, மூணே தடவை. கடைசியில 0 வந்தா பகா எண். இதுக்குப் பேர் லூக்காஸ்-லேமர் சோதனை.

2047-க்கு, அதாவது அடுக்கு 11-க்கு, ஒன்பது தடவை செஞ்சா மீதி 1736. ஆக, அது பகு எண். ஆனா அதோட காரணிகள் 23, 89-ன்னு இந்தச் சோதனை வாயே திறக்கல. இதைக் கவனிச்சு வச்சுக்குங்க.

இந்தச் சோதனை இந்த வகை எண்ணுக்கு மட்டும்தான். எந்த எண்ணைக் கொடுத்தாலும் வேகமா, நிச்சயமா சொல்ல முடியுமா? 2002 ஆகஸ்ட்ல கான்பூர் ஐஐடியில மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூணு பேரும் முடியும்னு நிரூபிச்சாங்க. கயலும் சக்சேனாவும் அப்போதான் பி.டெக் முடிச்சவங்க! அதுவரை இருந்த வேகமான வழிகள்ல சில அதிர்ஷ்டத்தை நம்பின, சில நிரூபிக்காத ஊகத்தை நம்பின. இவங்க வழிக்கு ரெண்டும் வேண்டாம். 2006-ல கோடல் பரிசு கிடைச்சது.

அப்போ பேங்க் பூட்டு உடைஞ்சுடுமா? உடையாது. 1977-ல வந்த ஆர்எஸ்ஏ பூட்டுல ரெண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊருக்கே காட்டுறாங்க. அது பகு எண்தான்னு எல்லாருக்கும் தெரியும். காரணிகளைப் பிரிக்கத்தான், இன்னைக்கு இருக்குற கம்ப்யூட்டருக்கு வேகமான வழி யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு வழி இல்லவே இல்லைன்னும் யாரும் நிரூபிக்கல.

அம்மாகிட்ட அப்படியேதான் சொன்னேன்: "உடையவே உடையாதுன்னு சொல்ல மாட்டேம்மா. இதுவரைக்கும் யாருக்கும் கள்ளச்சாவி போடத் தெரியல."

அம்மா யோசிச்சுட்டுச் சொன்னாங்க: "சரி, அந்தப் பின் நம்பரை நீ சத்தம் போட்டுப் படிக்காம இரு."

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.