வெறும் சிலிண்டர் என்று ஒன்று இல்லை

(தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவிமார், இளைஞர்கள் கலந்துகொண்ட டிவிஷன் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நினைத்து வந்தவர்கள் கோபிக்க வேண்டாம். இன்றைக்கு அடுப்பைப் பற்றிப் பேசுகிறோம். அதுவும் சம்பளப் பேச்சுத்தான். 2022 ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. அப்போது நமது நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஒரு சிலிண்டர் வாங்க ஏறத்தாழ ஐந்து பேர் போட வேண்டும். முழுப் பேரைச் சொல்கிறோம். அரைப் பேர் விழுந்த நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வருடம் கேஸ் அடுப்பைத் தூக்கிப் பரணில் வைத்த வீடுகளில் சில இன்னும் அதை இறக்கவில்லை. சிலிண்டர் இஸ்தோப்பு மூலையில் துருப்பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அந்தச் சிலிண்டரை வெட்டி விறகு அடுப்பு செய்யலாம் என்று நமது தம்பிமார் கிளம்பியிருக்கிறார்கள். யோசனையை நாங்கள் குறை சொல்லவில்லை. கனமான இரும்பு, உருண்டை வடிவம், உள்ளே நெருப்பு வைத்தால் சூடு சிதறாது. மூன்று கல் அடுப்பைவிட விறகும் குறைவாகத்தான் பிடிக்கும். பயமெல்லாம் வெட்டுகிற நேரத்தைப் பற்றியது.

பக்கத்து டிவிஷனில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தத் தம்பி கவனமில்லாத பிள்ளை அல்ல. வால்வைத் திறந்து இரண்டு நாள் வெளியே வைத்திருந்தான். சத்தமும் இல்லை, வாடையும் இல்லை. "வெறும் சிலிண்டர்தானே" என்று கிரைண்டரை வைத்தான். தீப்பொறி உள்ளே போனதும் வெடித்துவிட்டது. கையும் முகமும் வெந்தன. கண் தப்பியது நமது அதிர்ஷ்டம். இனி அவன் கொழுந்துச் சாக்கைக் கட்டித் தூக்க எத்தனை மாதமாகும் என்று தெரியவில்லை.

ஏன் வெடித்தது? வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொல்கிறோம். அடுப்பு எரியாமல் நின்றால் சிலிண்டர் காலி என்று நினைக்கிறோம். வெளியே வரத் தேவையான அழுத்தம்தான் தீர்ந்திருக்கிறது. உள்ளே இன்னும் கேஸ் நிறைந்திருக்கிறது. இந்தக் கேஸ் காற்றைவிடப் பாரமானது, வாய் மேலே இருக்கிற பாத்திரத்தில் அடியில் படுத்துக்கிடக்கும். இரண்டு நாள் திறந்து வைத்தால் என்ன ஆகும்? வெளிக்காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் கலக்கும். கேஸ் தனியாக இருந்தால் உள்ளே வெடிக்காது, காற்றோடு கலந்தால்தான் வெடிக்கும். திறந்து வைத்தது அதைப் பாதுகாப்பாக்கவில்லை, வெடிமருந்தாக்கிவிட்டது.

அதனால் கேஸைத் தண்ணீரால் விரட்ட வேண்டும். லயத்தைவிட்டுத் தள்ளி, திறந்த வெளியில், பீடியோ குப்பி விளக்கோ பக்கத்தில் இல்லாத இடத்தில் வால்வைத் திறந்து மீதியைப் போகவிடுங்கள். பிறகு வால்வையே கழற்ற வேண்டும். அது லேசில் கழராது. சிலிண்டரை அசையாமல் பிடிக்க வசதியுள்ள, பழகிய ஆள்தான் அதைச் செய்ய வேண்டும். சுத்தியலால் அடிக்கவே கூடாது. கழற்றியதும் வாய்வரை தண்ணீர் நிரப்பி, கவிழ்த்து, மறுபடியும் நிரப்புங்கள். கழுத்துவரை தண்ணீர் நிற்கும்போதே, இரும்பறுக்கும் கைவாளால் மேல்பக்கத்தை அறுங்கள். தண்ணீர் நிற்கிற இரும்பில் கரண்ட் கிரைண்டர் வைத்தால் அது வேறு சாவு. மேல்பாகம் முழுவதும் திறந்து, தண்ணீர் ஊற்றி, காய்ந்த பிறகு கிரைண்டர், வெல்டிங் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். இன்னும் நிரப்பிப் பாவிக்கக்கூடிய நல்ல சிலிண்டரில் யாரும் கை வைக்க வேண்டாம்.

அடுப்பாக்குவது அதற்குப் பிறகு சின்ன வேலை. சட்டி வைக்க மேலே தட்டையான தகடு, விறகு தள்ள முன்னால் கதவு, கீழே கம்பித் தட்டு, அதற்கும் கீழே காற்றுத் துவாரம். முதல் தடவை வெளியே வைத்து எரித்து, பெயின்ட் முழுவதும் கருகி உதிர்ந்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். அந்தப் புகை நஞ்சு.

புகைக்குழாயை மட்டும் யாரும் "பிறகு பார்ப்போம்" என்று விடாதீர்கள். குழாய் இல்லாத அடுப்பு எந்த இரும்பில் செய்தாலும் பழைய அடுப்புத்தான். வீட்டுக்குள் விறகு, கரி போன்றவற்றின் புகையால் 2020இல் உலகத்தில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. நமது அம்மாமார் விடியற்காலை நான்கு மணிக்கு ஊதுகுழலோடு உட்கார்ந்து இருமுவதைப் பார்த்தே நாமெல்லாம் வளர்ந்தோம். அது வியாதி என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். கூரை மரத்தில் தொடக்கூடாது. அஸ்பெஸ்டஸ் கூரையில் ஓட்டை போட வேண்டாம், அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. சுவர் வழியாகக் கொண்டுபோகலாம். நாகம் பூசிய குழாயை அடுப்போடு ஒட்டிப் பூட்டாதீர்கள், சூட்டில் அதுவும் நச்சுப்புகை விடும். குளிருக்காகத் தணலை அள்ளிக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்த நச்சுக்காற்றுக்கு வாடையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும்.

எத்தனை நல்ல அடுப்பானாலும் பச்சை விறகுக்குப் புகையும். கவ்வாத்து மிலாறை மழையில் போடாமல் இஸ்தோப்பில் அடுக்கிக் காய வையுங்கள். ஆனால் மிலாறு நான்கைந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் நமது மலைக்கு வருகிறது. இடையில் விறகுக்கு எங்கே போவது? காட்டுக்குப் போனால் வழக்கு, தோட்டத்து மரத்தைத் தொட்டால் விசாரணை. இதைத் தொழிற்சங்கம் பேசாமல் யார் பேசுவது?

நிர்வாகத்திடம் மூன்று விடயம் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். விழுந்த மரத்தை லயங்களுக்குப் பங்கிட வேண்டும். ஒவ்வொரு சமையலறைக்கும் புகைக்குழாய் போட்டுத் தர வேண்டும். சிலிண்டர் வெட்டும் வேலையை, வாரத்தில் ஒரு நாள், தொழிற்சாலை வேலைத்தளத்தில் வேலை தெரிந்தவர் கையால் செய்து தர வேண்டும். "நீங்களே அடுப்பு செய்துகொண்டீர்களே, பிறகென்ன குழாய்?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் அடுப்பு நாங்கள் செய்தது, வீடு உங்களுடையது என்று சொல்லுங்கள்.

கடிதம் மேசையில் இருக்கிறது. கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள். தலைவர்மார் தங்கள் லயத்தில் சும்மா கிடக்கும் சிலிண்டர்களை எண்ணி ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதித் தாருங்கள். வெட்ட வேண்டும் என்று நிற்கிற தம்பிமார் அதுவரை கிரைண்டரை எடுக்க வேண்டாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு, வேலைத்தளத்தில் வால்வு கழற்றிய ஒரு சிலிண்டரைப் பீலிக்கரைக்குக் கொண்டுவருகிறோம். தண்ணீர் நிரப்புவதையும் அறுப்பதையும் அங்கே எல்லோரும் நின்று பார்க்கலாம்.