இருபது கிலோ அரிசிக்கு ஒரு கிலோ பருப்பு



தமிழ்நாட்டில் பட்டினி இல்லை என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. 1956-இல் காமராஜர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989-இல் கருணாநிதி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வைத்தார். இன்று அது பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாகிவிட்டது. 2011 முதல் ரேஷன் அரிசிக்குக் காசே இல்லை. 2022-இல் காலை உணவும் வந்தது. இத்தனையும் செய்த மண் இது.

அதே மண்ணில்தான் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு நடந்தது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காடு. முந்தைய ஆய்வில் இது 50.7. நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. குடற்புழுவும் நெருக்கமான பிரசவங்களும்கூடக் காரணம்தான். ஆனாலும் பெரும் காரணம் தட்டில் இருக்கிறது.

இதைச் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். இலவச அரிசி மக்களைச் சோம்பேறியாக்கிவிட்டது என்பது ஒன்று. தானே உலை வைத்து, வடித்து, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சித்தாள் வேலைக்கு வண்டி ஏறும் பெண்ணைப் பார்த்து அதைச் சொல்லட்டும். இன்னொன்று கரிசனம்போல வரும்: "ஏழைகளுக்கு எதைச் சாப்பிடணும்னு தெரியல. முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொள்ளு எல்லாம் மலிவுதானே?"

தெரியாதா அவளுக்கு? முருங்கைக்கீரை ரத்தம் ஊற வைக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டுமா? இருட்டின பிறகு வீடு திரும்புகிறவள் கீரையை எப்போது ஆய்வது? கொள்ளு வேக நேரமாகும். அவ்வளவு நேரம் அடுப்பு எரிந்தால் சிலிண்டர் மாதக் கடைசிவரை வராது. அதனால் சோறு வடிகிறது, அரைத் தக்காளி போட்ட புளிக்குழம்பு கொதிக்கிறது. இருக்கிற ஒரு முட்டை பிள்ளைக்கு. கருவாட்டுத் துண்டு வீட்டுக்காரருக்கு. சட்டியில் ஒட்டியதைச் சோற்றில் பிசைந்து அவள் சாப்பிடுகிறாள். உடனே ஒரு டீ. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சோற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தும் உடம்பில் சரியாக ஒட்டாது. சரி, டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். சோற்றுக்கு ஒரு துண்டு நெல்லிக்காய் தொட்டுக்கொள்ளட்டும். இதெல்லாம் பயன் தரும் யோசனைதான். ஆனால் தட்டில் பருப்பே இல்லாதவளுக்கு யோசனை மட்டும் போதாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் உள்ள முன்னுரிமை ரேஷன் அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி. ஆளுக்கு நாளொன்றுக்கு 166 கிராம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தானியம் 250 கிராம் வேண்டும் என்கிறது. மூன்றில் இரண்டு பங்கை ரேஷன் கடை தந்துவிடுகிறது, நன்றி. அதே வழிகாட்டுதல் பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி வகையில் 85 கிராம் வேண்டும் என்கிறது. அட்டைக்குக் கிடைப்பது ஒரு கிலோ துவரம்பருப்பு. நான்கு பேருக்கு முப்பது நாளைக்குப் பிரித்தால் ஆளுக்கு எட்டு கிராம்! ஒரு கரண்டி சாம்பாருக்குக்கூடக் காணாது.

அந்த எட்டு கிராமாவது ஒழுங்காக வருகிறதா? கடைக்குப் போனால், "அரிசி வாங்கிக்கம்மா, பருப்பு இன்னும் லோடு வரல, அடுத்த வாரம் வா" என்பார் சேல்ஸ்மேன். அடுத்த வாரம் போனால் அரைநாள் கூலி போச்சு. 2024 மே மாதத்துப் பருப்பையும் பாமாயிலையும் ஜூன் மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்க வேண்டி வந்தது. கடையில் கிலோ 30 ரூபாய்ப் பருப்பு இல்லாத அந்த நாளில் மளிகைக் கடையில் அதே துவரை 150 ரூபாய்க்கு மேல் விற்றது. 2007-இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் தொடங்கியபோது உளுத்தம்பருப்பும் உண்டு. பிறகு அதை நிறுத்தினார்கள். நிறுத்தியபோது எத்தனை பேர் கேட்டோம்?

அரிசியிலேயே இரும்புச்சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் பி12-ஐயும் கலந்துவிட்டால் போதும் என்று ஒரு திட்டம் வந்தது. அதில் பயனே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பருப்பு செய்கிற வேலையைக் கலப்பரிசி செய்யாது; அதனால் புரதம் அதிகமாகாது. எலும்புக்கு வேண்டிய கால்சியத்தையும் பாருங்கள்: கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. 2023-இல் நீலகிரி, தருமபுரி அட்டைதாரர்களுக்கு அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். மானாவாரியில் விளையும் பயிர், நம் விவசாயி விளைவிப்பது. நல்ல வேலை. மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு எலும்பு இல்லையா?

முட்டைக்கு வருவோம். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டினால் ஜூன் வரை அந்த முட்டையும் இல்லை, காலை உணவும் இல்லை. வெயிலில் விளையாடித் திரிகிற பிள்ளை மதியம் பழைய சோற்றையும் ஊறுகாயையும் தின்றுவிட்டுப் படுக்கிறது. நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமா? விடுமுறைக்கு முட்டை ஒதுக்க ஒரு அரசாணை போதும். அந்தப் பிள்ளையின் தாய்க்கோ, கர்ப்பகாலத்திலும் பாலூட்டும் காலத்திலும் கிடைத்த சத்துமாவு முடிந்த பிறகு தனியாகச் சத்துணவு எதுவும் கிடையாது.

ஆகையால் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு எல்லோரும் போங்கள். அட்டைக்கு மாதம் மூன்று கிலோ பருப்பு வேண்டும்; அதில் உளுந்தும் பாசிப்பயறும் இருக்க வேண்டும். கேழ்வரகு எல்லா மாவட்டத்துக்கும் வர வேண்டும். கோடை விடுமுறையிலும் முட்டை தர வேண்டும். இதைத் தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை, கடையில் பருப்பு இல்லை என்றால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். ரேஷன் உதவி எண் 1967-க்குப் போன் போட்டுப் புகார் எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள்.