தலைக்குக் கணக்கு உண்டு, சாலைக்கு உண்டா?

(ஜொகூர் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"நாம் என்ன வரி கட்டிக் கிழிக்கிறோம், கேள்வி கேட்க?" என்று சென்ற கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். வருமான வரி கட்டுமளவுக்கு நம்மில் பலருக்குச் சம்பளம் இல்லை, மெய்தான். ஆனால் அந்தத் தோழரின் கையிலிருந்த சிகரெட்டுக்கு அவர் வரி கட்டியிருந்தார்! கடைச் சாமான் பலவற்றின் விலைக்குள்ளே விற்பனை வரி ஒளிந்திருக்கிறது. நாம் வெட்டிய பாலும் வரி கொடுத்திருக்கிறது. ஏற்றுமதி ரப்பர்மீது வசூலித்த செஸ் பணத்தில்தான் ரப்பர் ஆராய்ச்சியும் மறுநடவும் நடந்தன.

அந்தப் பணம் எங்கே போகிறது? நாட்டில் கஜானா ஒன்றல்ல, மூன்று. வருமான வரி, சுங்க வரி, விற்பனை வரி எல்லாம் கூட்டரசு கஜானாவுக்கு. நிலவரியும் காட்டு வருமானமும் மாநிலத்துக்கு. வீட்டுக்கும் கட்டடத்துக்குமான மதிப்பீட்டு வரி ஊராட்சி மன்றத்துக்கு. 2025-ஆம் ஆண்டுக் கூட்டரசு பட்ஜெட் 42,100 கோடி வெள்ளி. ஜொகூர் மாநில பட்ஜெட் சுமார் 200 கோடி. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்! ஆனால் நிலம் மாநிலத்தின் கையில். பணம் ஒருவரிடம், நிலம் இன்னொருவரிடம். நடுவே அகப்பட்டவர்கள் நாம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் வேலை செய்த தோட்டத்தில் ஒரு டிசம்பர் மழையில் லயத்துக்குப் போகும் பாதையின் சிறு பாலம் உடைந்தது. பள்ளிக்கூட பஸ் மெயின் ரோட்டிலேயே நின்றது. பிரசவ வேதனையில் துடித்த ஒரு பெண்ணை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனோம். மனு எழுதினோம். ஊராட்சி மன்றம், "தனியார் நிலம்" என்றது. நில அலுவலகம், "எங்கள் சாலை அல்ல" என்றது. நிர்வாகம், "கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம்" என்றது. ஏழு மாதம் பலகை போட்டு நடந்தோம்.

அப்போதுதான் அரசியல் சட்டத்தை ஒரு கிராணி நண்பரோடு உட்கார்ந்து படித்தேன். 109-வது விதி மாநிலங்களுக்குக் கூட்டரசு இரண்டு மானியங்கள் தரவேண்டும் என்கிறது. ஒன்று, தலைக்கணக்கு மானியம். 2002-இல் வகுத்த விகிதப்படி முதல் ஒரு லட்சம் பேருக்குத் தலைக்கு 72 வெள்ளி. அதற்கு மேல் தலைக்குப் பத்து, பதினோரு வெள்ளி. இந்தக் கணக்கில் லயத்துக் குழந்தையின் தலையும் சேர்த்தி. மற்றொன்று, சாலை மானியம். மாநிலச் சாலைகளின் நீளத்தைப் பார்த்துக் கொடுப்பது. தோட்டத்துச் சாலை அந்த நீளத்தில் சேர்வதில்லை. நம்மை எண்ணிப் பணம் வாங்குகிறார்கள். நாம் நடக்கும் பாதையை எண்ணுவதில்லை.

பள்ளிக்கூடத்திலும் இதே கதை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கூட்டரசு தருகிறது. நிலம் கம்பெனியுடையதென்றால் அது 'பகுதி உதவி' பள்ளி. கூரை ஒழுகினால் ஒவ்வொரு முறையும் தனியே கையேந்த வேண்டும்.

ஊராட்சி மன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி மற்ற மாநிலங்களில் ஆண்டு வாடகை மதிப்பைப் பார்த்து வரி போடுகிறார்கள். நம் ஜொகூரில் நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்பைப் பார்க்கிறார்கள். உச்ச வரம்பு நூற்றுக்கு ஐந்து. மன்ற எல்லைக்குள் இருக்கும் தோட்டமும் இதில் அடங்கும். ஆனால் அந்த மன்றத்துக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. கடைசி ஊராட்சித் தேர்தல் 1963-இல் நடந்தது, 1965-இல் நிறுத்திவைத்தார்கள். நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு, தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. இன்று உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. ஆகவே மன்றம் கைவிரித்தால், நம் ஓட்டு வாங்கிய சட்டமன்ற உறுப்பினரைத்தான் பிடிக்க வேண்டும்.

இனி எந்தக் கதவைத் தட்டுவது? லயத்து வீடு, குடிதண்ணீர், மின்சாரம் என்றால் நிர்வாகம்தான் பொறுப்பு. 1990-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. செய்யாவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்கு மனு. பள்ளிக்கூடம் என்றால் கல்வி இலாகாவும் நாடாளுமன்ற உறுப்பினரும். பாதை என்றால், அந்த நிலத்துண்டை மாநிலத்திடம் ஒப்படைக்கும்படி கம்பெனியைக் கேட்க வேண்டும். தேசிய நிலச் சட்டத்தில் அதற்கு வழி உண்டு. கம்பெனி மறுத்தால், பொதுக் காரியத்துக்கு நிலம் எடுக்க 1960-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. நெடுஞ்சாலை போட அந்தச் சட்டம் உதவுகிறதே, லயத்துப் பாதைக்கு மட்டும் ஏன் உதவாது?

எங்கள் பாலத்தை முடிவில் கம்பெனியே கட்டியது. பாதையோ இன்றும் தனியார் பாதைதான். அடுத்த மழைக்கு மறுபடி மனு எழுத வேண்டியிருக்கும். ஆகையால் ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் தோட்டத்துப் பாதை எத்தனை மைல், எத்தனை குடும்பம் அதில் நடக்கிறது என்று எழுதி வாருங்கள். கிராணிமார்களே, நிலப்படம் உங்கள் ஆபீசில் இருக்கும். அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாகச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுப்போம்.