பழைய ட்ரம் வாங்கப் போறீங்களா?

ஆம்பூர் பக்கம் சின்னதா டேனரி தொடங்குறவங்க செகண்ட் ஹேண்ட் மர ட்ரம் தேடுவாங்க. தோல், தண்ணி, கெமிக்கல் எல்லாம் போட்டுச் சுத்துற பெரிய பீப்பாய். நானும் ஒண்ணு வாங்கினேன்.

தண்ணி நிரப்பினதும் ஒழுகுச்சு, பயந்துட்டேன். ஆனா காய்ஞ்ச பலகை ஊறினா உப்பி, இடுக்கு அடைஞ்சிடும். ஊறின பிறகும் ஒழுகினாதான் பலகை மாத்தணும்.

நான் பார்க்காம விட்டது போல்ட். உப்பும் ஆசிடும் இரும்பை அரிச்சிருந்துச்சு. மேலே புது பெயின்ட். ஆறாவது மாசம் ட்ரம் ஒரு பக்கம் சரிஞ்சது. நல்லவேளை, பக்கத்துல யாரும் இல்லை.

அதனால, ட்ரம்மைத் தாங்குற ஷாஃப்ட் சேர்ற இடத்துல, மெக்கானிக்கை வெச்சு ரெண்டு போல்ட்டையாவது கழட்டிப் பாருங்க. விற்கிறவர் விடமாட்டேன்னா, அட்வான்ஸ் கொடுக்காம நடையைக் கட்டுங்க.